அனல் மின் நிலையத்திலிருந்து சூரிய, காற்று மின்சாரத்துக்கு: பொறியாளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கடற்கரையோர அனல் மின் நிலையம் ஒன்றில் பதினான்கு ஆண்டுகள் இருந்துவிட்டு, சூரிய மின் ஆலைகளுக்கும் காற்றாலைகளுக்கும் மாறி ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. பழைய ஸ்டேஷன் நண்பர்களும் அவர்கள் என் எண்ணைக் கொடுத்து அனுப்பும் இளைஞர்களும் கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். இரவு ஷிப்ட் முடித்துவிட்டுக் காலை ஏழு மணிக்கு அழைப்பவரிடம் ஒரே பதிலைப் பத்தாவது முறையாகச் சொல்லும்போது ஏதாவது ஒரு விவரம் விட்டுப்போகிறது என்பதால் எழுதி வைத்தேன். கேள்விகளை அவரவர் கேட்ட சொற்களிலேயே விட்டிருக்கிறேன். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னவற்றை ஒட்டியே செல்வதால் வரிசையாகப் படிப்பது நல்லது.

1. சார், நிலக்கரியை நிஜமாகவே மூடிவிடுவார்களா? இப்போதே பயப்பட வேண்டுமா?

நாளைக்கே யாரும் மூடப்போவதில்லை. 2025-ஆம் ஆண்டின் நடுவில் இந்தியாவின் மின் நிறுவு திறனில் பாதி, நிலக்கரி, எரிவாயு, டீசல் அல்லாத மூலங்களுக்குப் போய்விட்டது என்று வந்த செய்தி சரியானதே. ஆனால் நிறுவு திறன், அதாவது ஆலைகளால் அதிகபட்சம் தர முடிந்த அளவு, வேறு; கம்பியில் ஓடும் யூனிட் வேறு. சூரிய ஆலை ஆண்டுச் சராசரியில் தன் திறனில் கால் பங்கை ஒட்டித்தான் தருகிறது. நன்றாக ஓடும் அனல் அலகு (பாய்லரும் டர்பைனும் சேர்ந்த ஒரு யூனிட்) அதைப்போல் இரண்டரை மடங்கு தரும். அதனால்தான் நாட்டின் மின் உற்பத்தியில் 70 சதவீதத்தை ஒட்டிய பங்கு இன்னும் நிலக்கரியிலிருந்து வருகிறது. வடசென்னையின் 800 மெகாவாட் அலகு 2024-இல்தான் மின்தொகுப்போடு இணைந்தது. உடன்குடியில் இரண்டு 660 மெகாவாட் அலகுகளுக்கான வேலை நடந்துவருகிறது.

மூடப்பட்டவையும் உண்டு. எண்ணூர் அனல் மின் நிலையம் 2017 மார்ச்சில் நின்றது. சோவியத் உதவியோடு கட்டப்பட்டு, 1962-இல் முதல் அலகை ஓட்டிய நெய்வேலியின் 600 மெகாவாட் முதல் நிலையம் 2020-இல் நின்றது. இரண்டும் வயதாகி நின்றவையே தவிர, காற்றாலை வந்து இடித்துத் தள்ளியவை அல்ல. ஆகவே உங்கள் கவலை ஸ்டேஷன் மூடுவதைப் பற்றியதாக இருக்க வேண்டியதில்லை; புதிய பணியிடங்கள் எந்தப் பக்கம் உருவாகின்றன என்பதைப் பற்றியதாக இருக்கலாம்.

2. எங்கள் யூனிட் இன்னும் இருபது வருஷம் ஓடும் என்கிறார்கள். அப்புறம் ஏன் மாற வேண்டும்?

மாறியே தீர வேண்டும் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் அந்த இருபது வருடமும் நீங்கள் பழகிய விதத்தில் ஓடாது. நண்பகலில் சூரிய மின்சாரம் கொட்டும்போது எந்த ஆலை எவ்வளவு ஓட வேண்டும் என்று சொல்லும் சுமை பகிர்மான மையத்திலிருந்து பேக் டவுன் செய்யச் சொல்லி, அதாவது உற்பத்தியைக் குறைக்கச் சொல்லி, அழைப்பு வருகிறது. மாலை ஆறரை மணிக்கு அதே மையம் முழுச் சுமை கேட்கிறது. நிலக்கரி அலகுகள் 40 சதவீதச் சுமை வரை இறங்கி ஓடும் திறன் பெற வேண்டும் என்று மத்திய மின்சார ஆணையம் 2023-இல் விதியே வகுத்துவிட்டது. அடிச்சுமைக்கென்று, அதாவது இரவு பகலாக ஒரே சுமையில் ஓட, வடிவமைத்த 210 மெகாவாட் அலகை அப்படி இறக்கினால், நிலக்கரி அரைக்கும் மில்களை ஒவ்வொன்றாக நிறுத்த வேண்டும், சுடர் ஆடத் தொடங்கினால் எண்ணெய் எரித்துச் சுடரைத் தாங்கும் ஆயில் கன் போட வேண்டும், மாலையில் ஏற்றும்போது பாய்லர் டிரம்மும் உயர் அழுத்த டர்பைனின் ஹெச்.பி. ரோட்டாரும் சூடாகிக் குளிர்ந்து சூடாவதைக் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும். பாய்லர் டியூப் லீக் கூடுகிறது என்று கட்டுப்பாட்டு அறை டெஸ்க்கில் இருப்பவர்கள் புலம்புவதற்குக் காரணமும் இதுதான்.

இந்த வேலையைத் திறமையாகச் செய்யத் தெரிந்தவர்களுக்கு அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்கு மதிப்பு இருக்கும் என்பது என் கணிப்பு. ஓய்வுபெற எட்டு ஆண்டு மீதமிருக்கும் ஒருவர் அங்கேயே இருந்து இதில் தேர்ச்சி பெறுவது, தெரியாத சைட்டில் போய் புதிதாகத் தொடங்குவதைவிட எனக்கு நல்ல முடிவாகவே தோன்றுகிறது. முப்பது வயதுக்காரருக்கு என் பதில் வேறு.

3. நான் பாய்லர் ஆள். சோலாரில் பாய்லரே இல்லை. எனக்கு அங்கே என்ன வேலை இருக்கும்?

சூரிய மின் தகடுகள் இருக்கும் ஆலையில் உங்களுக்கு நேரான வேலை குறைவு என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அங்கே சுழல்கிற பொருள் என்று பார்த்தால் நேர்மின்சாரத்தை மாறுமின்சாரமாக்கும் இன்வெர்ட்டரின் குளிர்விப்பு விசிறியும், இருந்தால் தகட்டைச் சூரியன் பக்கம் திருப்பும் டிராக்கர் மோட்டாரும்தான். இதைக் கேட்டதும் பலர் முகம் வாடிவிடுகிறது. ஆனால் தூய ஆற்றல் என்றால் தகடு மட்டும் இல்லை.

நான் எல்லோருக்கும் சொல்லும் ஒரே கட்டுப்பாடு இதுதான்: ஆற்றல் மூலத்தையும் நீங்கள் செய்யும் வேலையின் வகையையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை மாற்றுங்கள். பாய்லரை வைத்துக்கொண்டு எரிபொருளை மாற்ற நினைத்தால், கரும்புச் சக்கையை எரிக்கும் சர்க்கரை ஆலைகளின் இணைமின் நிலையங்கள் இருக்கின்றன. அங்கே சதுர சென்டிமீட்டருக்கு 67 முதல் 110 கிலோ அழுத்தம் வரையிலான பாய்லர்கள் ஓடுகின்றன, உங்கள் பி.ஓ.இ. (பாய்லர் இயக்கப் பொறியாளர்) சான்றிதழுக்கு அங்கே முழு மரியாதை உண்டு. சிமென்ட் ஆலைகளில் சூளையிலிருந்து வீணாகும் வெப்பத்தைப் பிடித்து மின்சாரம் எடுக்கும் பாய்லர்களும் அப்படியே. சுழலும் இயந்திரங்களைப் பராமரித்தவர் என்றால் காற்றாலைக்கு வாருங்கள்: நிமிடத்துக்குப் பத்துப் பதினைந்து முறை சுற்றும் இறக்கைத் தண்டிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுக்கு ஏற்றும் கியர் பாக்ஸும், அதன் பேரிங்குகளும், எண்ணெய்ப் பரிசோதனையும், வைப்ரேஷன் அளவீடும் உங்களுக்குப் பழக்கமானவை. பாய்லருக்குக் காற்று தள்ளும் எஃப்.டி. ஃபேன் பேரிங் சத்தத்தைக் காதால் கேட்டே கண்டுபிடித்தவருக்கு, காற்றாலைக் கோபுர உச்சியில் இயந்திரங்கள் இருக்கும் கூடான நாசெல்லுக்குள் நிற்பது அவ்வளவு அந்நியமாக இருக்காது.

மூன்றாவது வழி, ஆலையில் ஆற்றல் எங்கே வீணாகிறது என்று கணக்குப் பார்க்கும் ஆற்றல் தணிக்கை. அதைப் பற்றி 7-ஆம் கேள்வியில்.

4. எலெக்ட்ரிக்கல், சி அண்ட் ஐ ஆட்களுக்கு இது ஈஸிதானே?

மின்பிரிவுக்காரர்களுக்கும், சி அண்ட் ஐ எனும் கட்டுப்பாடு, அளவீட்டுப் பிரிவுக்காரர்களுக்கும் எளிதுதான், ஆனால் அவர்கள் நினைக்கும் காரணத்தால் அல்ல. டிரான்ஸ்ஃபார்மர், ஸ்விட்ச்யார்டு, ரிலே, எர்த்திங் எல்லாம் அதே என்பதால் முதல் மாதத்திலேயே கை ஓடும். ஆனால் ஆலையின் உரிமையாளர் உங்களிடம் விலை கொடுத்து வாங்குவது மின்தொகுப்பைப் பற்றிய அறிவைத்தான். ஒரு நாளைப் பதினைந்து நிமிடத் துண்டுகளாக வெட்டி, 96 துண்டுகளுக்கும் முன்கூட்டியே உற்பத்தியை அறிவித்து, அதிலிருந்து விலகினால் அபராதம் கட்டும் முறை உங்களுக்கு அனல் நிலையத்திலேயே பழக்கமானது. அதிர்வெண் 49.90-க்கும் 50.05 ஹெர்ட்ஸுக்கும் இடையே நிற்க வேண்டும் என்பதையும், நிற்காதபோது என்ன ஆகும் என்பதையும் நீங்கள் மீட்டரில் கண்ணால் பார்த்திருக்கிறீர்கள். இதையெல்லாம் புத்தகத்தில் மட்டும் படித்துவிட்டு வந்த பொறியாளர்கள்தான் இந்தத் துறையில் அதிகம்.

5. போன புதிதில் எதில் தடுமாறினீர்கள்?

மூன்று விஷயங்களில். முதலாவது நேர்மின்சாரம். புதிய சூரிய ஆலைகளில் தகடுகளின் வரிசை 1,500 வோல்ட் வரை நேர்மின்சாரம் தருகிறது. நமக்குப் பழகிய மாறுமின்னோட்டம் நொடிக்கு நூறு முறை சுழியைத் தொடுவதால் ஸ்விட்சைத் திறக்கும்போது பொறி தானாகவே அணைய வாய்ப்புண்டு. நேர்மின்சாரத்துக்குச் சுழியே கிடையாது, பொறி வெல்டிங் வில்லைப்போல் நீண்டுகொண்டே போகும். என் முதல் வாரத்தில், பகல் பதினோரு மணிக்கு, இன்வெர்ட்டர் நின்றிருக்கிறதே என்ற நம்பிக்கையில் ஒரு கனெக்டரைப் பிரிக்கக் கையை நீட்டினேன். பக்கத்தில் நின்ற ஐ.டி.ஐ. படித்த பையன், என் வயதில் பாதி இருப்பான், மணிக்கட்டைப் பிடித்து நிறுத்திவிட்டு, “சார், முதல்ல கிளாம்ப் மீட்டர் வைங்க” என்றான். கம்பியைச் சுற்றிப் பிடித்து மின்னோட்டம் அளக்கும் அந்தக் கருவியை வைத்துப் பார்த்தபோது ஏழு ஆம்பியர் ஓடிக்கொண்டிருந்தது. வேறெங்கோ இன்சுலேஷன் போய் மின்னோட்டம் தனக்கொரு பாதை கண்டிருந்தது. அனல் நிலையத்தில் எல்.சி. (லைன் கிளியர், மின்பாதையை நிறுத்தித் தரும் அனுமதி) வாங்கினால் மறுமுனை செத்துவிட்டது என்று பொருள். சூரியனிடம் எல்.சி. வாங்க முடியாது.

இரண்டாவது வெப்பம். வெப்பம் கூடினால் மின்சாரம் கூடும் என்று பதினான்கு வருடம் உடம்பில் ஊறியிருந்தது. தகட்டுக்கு அது தலைகீழ்: 25 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.3 முதல் 0.4 சதவீதம் திறன் இறங்குகிறது. மே மாத நண்பகலில் தகட்டின் முதுகைத் தொட்டால் 65 டிகிரி இருக்கும். அப்போது பெயர்ப்பலகைத் திறனில் பன்னிரண்டு, பதினான்கு சதவீதம் காணாமல் போயிருக்கும். உச்சி வெயிலின் நாளைவிட, மழை ஓய்ந்து வானம் வெளுத்த குளிர்ந்த நாளில் உடனடித் திறன் உச்சத்தைத் தொடுவதை முதலில் பார்த்தபோது மீட்டர் பழுது என்று எழுதிவைத்தேன்.

மூன்றாவது அமைதி. டர்பைன் தரையில் நின்று கத்திப் பேசிப் பழகியவனுக்கு, நூறு மெகாவாட் உற்பத்தியாகும் இடத்தில் காடை கூவுவது கேட்டால் எதுவோ ட்ரிப் ஆகிவிட்டது என்றுதான் மனம் பதறும். அந்தப் பதற்றம் அடங்க ஓராண்டு ஆயிற்று.

6. சம்பளம் குறையுமா சார்? உண்மையைச் சொல்லுங்கள்.

குறையலாம். எனக்கு முதல் ஆண்டு கால் பங்கு குறைந்தது. பழைய இடத்தை எட்ட மூன்று ஆண்டுகள் ஆயின. கையில் வரும் தொகையை மட்டும் ஒப்பிட்டால் ஏமாந்துபோவீர்கள். காலனி வீடு, சலுகை மின்சாரம், பிள்ளைகள் நடந்தே போகும் பள்ளி, காலனி மருத்துவமனை ஆகியவற்றுக்கு வெளியே என்ன விலை என்று ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். என் மனைவிதான் அந்தக் கணக்கைப் போட்டார். நான் போட்டிருந்தால் போயிருக்கவே மாட்டேன், ஏனென்றால் நான் ஓவர்டைமையும் சேர்த்திருப்பேன்.

ஊதியம் குறைவதற்குக் காரணம் உங்கள் திறமைக் குறைவு அல்ல. 210 மெகாவாட் அலகு ஒன்றைச் சுற்றி நிலக்கரி கையாளுதல், சாம்பல், நீர் வேதியியல், டர்பைன் என்று நூற்றுக்கணக்கானோர் வேலை செய்கிறார்கள். நூறு மெகாவாட் சூரிய ஆலையில் பொறியாளர்கள் என்று விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே இருப்பார்கள். வெறும் பராமரிப்பில் இருந்தால் ஏணி குட்டையானது. திட்ட மேலாண்மை, ஆலையின் செயல்திறன் பகுப்பாய்வு, மின்தொகுப்பு இணைப்பு, சேமிப்பு ஆகிய நான்கு பக்கங்களில்தான் ஏணி நீளமாக இருக்கிறது.

ராஜினாமாக் கடிதத்தின் தேதியையும் யோசித்து எழுதுங்கள். ஐந்து ஆண்டு முடியச் சில மாதங்களே இருக்கும்போது விலகி, பணிக்கொடையை இழந்தவர்களை எனக்குத் தெரியும். வருங்கால வைப்பு நிதியை எடுத்துவிடாமல், வேலை மாறினாலும் மாறாத அதே யு.ஏ.என். எண்ணுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

7. என்ன கோர்ஸ் படித்தால் வேலை கிடைக்கும்?

வேலை தரும் கோர்ஸ் என்று எதுவும் கிடையாது. நேர்காணலில் பேச்சைத் தொடங்க உதவும் கோர்ஸ்கள் உண்டு. மூன்று மாதத்தில் சோலார் நிபுணர் ஆக்குகிறோம் என்று இணையத்தில் விளம்பரம் செய்பவர்களுக்குப் பணம் கட்டுவதற்கு முன் என்னை அழையுங்கள், திட்டிவிட்டு வைத்துவிடுகிறேன். அரசின் சூர்யமித்ரா பயிற்சி நல்ல பயிற்சி. ஆனால் அது ஐ.டி.ஐ., டிப்ளமோ படித்த தொழில்நுட்பர்களுக்கானது, பத்தாண்டு அனுபவம் கொண்ட பொறியாளருக்கு அது ஏற்றதன்று.

காற்றுப் பக்கம் போகிறவர்கள் சென்னைப் பள்ளிக்கரணையில் உள்ள தேசிய காற்று ஆற்றல் நிறுவனம் நடத்தும் குறுகிய பயிற்சிகளைப் பார்க்கலாம்; அதன் சோதனை நிலையம் கயத்தாற்றில் இருக்கிறது. சூரியப் பக்கம் போகிறவர்கள் சூரிய ஆலையின் உற்பத்தியைக் கணிக்கும் பி.வி.சிஸ்ட் மென்பொருளில் நம்மூர் ஆலை ஒன்றை, நிழல், தூசி, வெப்பம், கம்பி இழப்பு எல்லாம் சேர்த்து, தாங்களே வடிவமைத்துப் பார்க்க வேண்டும். அந்த அறிக்கையின் ஒவ்வோர் இழப்புக் கோட்டுக்கும் காரணம் சொல்லத் தெரிந்தால் பாதி நேர்காணல் முடிந்தது.

அனல்காரர்களுக்கு நான் அதிகம் பரிந்துரைப்பது எரிசக்தித் திறன் பணியகத்தின் ஆற்றல் தணிக்கையாளர் தேர்வு. பொறியியல் பட்டமும் மூன்றாண்டு அனுபவமும் போதும், நான்கு தாள்கள். அதில் ஒரு தாள் முழுக்க பாய்லர், நீராவி, சூளை, வீண் வெப்பம் என்றே இருக்கும். பாய்லர் ஆள் அதைக் கண்ணை மூடிக்கொண்டு எழுதலாம். மேலாளர் தேர்வுக்கு மூன்று தாள்களே. 2001-ஆம் ஆண்டு எரிசக்திச் சேமிப்புச் சட்டத்தின்படி பெரிய ஆலைகளுக்கு இந்தச் சான்றிதழ் பெற்றவர்கள் தேவைப்படுவதால் இது வெறும் சுவர் அலங்காரமாக நின்றுவிடாது.

8. எனக்கு 45 வயது. காற்றாலைக்குப் போனால் மேலே ஏற வேண்டுமா?

ஏற வேண்டியிருக்கும், ஆனால் தினமும் அல்ல. இப்போது நிறுவப்படும் இயந்திரங்களின் இறக்கை சுழலும் மையம் 120 முதல் 140 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பலவற்றில் உள்ளே சிறு லிஃப்ட் உண்டு. முப்பந்தல், கயத்தாறு பக்கம் இன்னும் நின்றுகொண்டிருக்கும் 225, 250 கிலோவாட் பழைய இயந்திரங்கள் உயரம் குறைந்தவை, ஆனால் ஏணிதான். உயரத்தில் வேலை செய்யும் பயிற்சியும் மருத்துவச் சான்றும் இல்லாமல் யாரையும் ஏற்றக்கூடாது. சைட் மேலாளரோ திட்டமிடல் பொறியாளரோ மாதத்துக்கு ஓரிரு முறை ஏறினால் போதும் என்ற இடங்கள் உண்டு. முட்டி வலி இருப்பவர் அதை நேர்காணலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

வயதைவிட நாட்காட்டிதான் அதிகம் மாறும். ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, பாலக்காட்டுக் கணவாய்களில் மே முதல் செப்டம்பர் வரை காற்றுக் காலம். ஆண்டு உற்பத்தியின் பெரும்பகுதி அந்த ஐந்து மாதத்தில் வந்துவிடும். ஓவர்ஹால் எல்லாம் அதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். ஆடி மாதத்தில் மைத்துனர் கல்யாணம் என்று யாரும் விடுப்புக் கேட்கப் போவதில்லை என்பது நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு வசதி. வைகாசி முகூர்த்தத்துக்குத்தான் சண்டை வரும்.

9. “உங்களுக்கு சோலார் அனுபவம் பூஜ்யம்” என்று திருப்பி அனுப்புகிறார்கள். ரெஸ்யூமேயில் என்ன எழுதுவது?

நீங்கள் எழுதியிருப்பது இயந்திரங்களின் பட்டியல். 540 டிகிரி நீராவி, 150 கிலோ அழுத்தம், 3,000 சுற்று என்று அடுக்கினால், எதிரில் இருப்பவருக்கு அது வேறொரு கோளின் செய்தி. செய்த வேலையை அவர்களுடைய மொழியில் எழுதுங்கள். ஹீட் ரேட் (ஒரு யூனிட்டுக்குச் செலவாகும் வெப்பம்) ஏன் ஏறியது என்று கண்டென்சர் வெற்றிடம், ஏர் ஹீட்டர் கசிவு, எரியாத கார்பன் என்று ஒவ்வொன்றாகப் பிரித்துக் கணக்கிட்டவர்தானே நீங்கள்? சூரிய ஆலையில் அதற்கு இணையானது பி.ஆர். எனும் செயல்திறன் விகிதம்: தகட்டின் மீது விழுந்த ஒளிக்கு வந்திருக்க வேண்டிய மின்சாரத்தில் எவ்வளவு உண்மையில் வந்தது என்பது. “பி.ஆர். 78-இலிருந்து 74 ஆகிவிட்டது, எங்கே தேடுவீர்கள்?” என்ற கேள்வி அநேகமாக எல்லா நேர்காணலிலும் வரும்.

என்னிடம் கேட்டபோது நான் ஹீட் ரேட் இழப்புக்குச் செய்வதைப்போலவே பிரித்தேன். முதலில் அளவிடும் கருவி பொய் சொல்கிறதா என்று பார்ப்பேன், ஏனென்றால் ஒளிமானியின் கண்ணாடியைத் துடைத்தால்கூட விகிதம் மாறும். பிறகு நின்றிருந்த இன்வெர்ட்டர்களின் நேரம், பிறகு தூசி, பிறகு ஃபியூஸ் போன தகட்டு வரிசைகள், கடைசியாகத் தகட்டின் தேய்மானம் என்றேன். கேட்டவர் பேனாவை மூடி வைத்தார். சோலார் பார்த்ததே இல்லை என்பதை அதற்குமுன் நானே சொல்லியிருந்தேன்.

வேலைக்கு முன் எழுத்தில் அனுமதி வாங்கும் பெர்மிட் முறை, விபத்து விசாரணை, ஷட் டவுன் திட்டமிடல், ஒப்பந்தத் தொழிலாளர் மேலாண்மை ஆகியவற்றையும் எழுதுங்கள். இளம் நிறுவனங்களில் பல இந்த ஒழுங்கில் இன்னும் முதிரவில்லை. நான் சேர்ந்த முதல் இடத்தில் பெர்மிட் புத்தகம் என்ற ஒன்றே இருக்கவில்லை, நான்தான் அச்சடித்தேன்.

10. நான் ரிஃபைனரியில் ஹைட்ரஜன் யூனிட்டில் இருக்கிறேன். பசுமை ஹைட்ரஜனுக்குக் காத்திருக்கலாமா?

உங்கள் அனுபவம் இந்தப் பக்கத்தில் கேள்வி கேட்டவர்களிலேயே மிகவும் நேரானது. இன்று இயற்கை எரிவாயுவை நீராவியோடு வினைபுரிய வைத்து நீங்கள் எடுக்கும் ஒவ்வொரு கிலோ ஹைட்ரஜனுக்கும் ஒன்பது, பத்துக் கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது. நீரை மின்னாற்பகுத்தால் அது இல்லை. ஆனால் கிலோவுக்கு 50 முதல் 55 யூனிட் மின்சாரம் வேண்டும். நீரைப் பிரிக்கும் எலெக்ட்ரோலைசரைத் தாண்டிய பிறகு உலர்த்துதல், கம்ப்ரஸர், சேமிப்புக் கலன், உலோகத்தை ஹைட்ரஜன் நொறுங்க வைக்கும் சிக்கல், காற்றில் 4 முதல் 75 சதவீதம் வரை எந்த அளவில் கலந்தாலும் தீப்பற்றும் அபாயம் எல்லாம் நீங்கள் ஏற்கெனவே அறிந்தவை. புதிதாக வருகிறவர்களுக்கு இந்தப் பயம் இருக்காது. பயம் தெரிந்தவர்தான் தேவை.

காத்திருப்பது வேறு விஷயம். தேசியப் பசுமை ஹைட்ரஜன் இயக்கம் 2023 ஜனவரியில் 19,744 கோடி ரூபாய் ஒதுக்கீட்டோடு ஒப்புதல் பெற்றது. 2030-க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன் என்பது இலக்கு. அறிவிப்புக்கும் ஆலைக்கும் இடையே உள்ள தூரத்தை அனல் நிலையம் கட்டியவர்கள் அறிவார்கள். இருக்கும் இடத்திலேயே இருந்துகொண்டு, எலெக்ட்ரோலைசர் வகைகளைப் படித்துக்கொண்டு, உங்கள் ரிஃபைனரியே ஒரு சோதனை ஆலை வைத்தால் அதற்கு முதல் ஆளாகப் பெயர் கொடுங்கள் என்பேன்.

11. வளைகுடாவில் எண்ணெய் கம்பெனியில் இருக்கிறேன் அண்ணா. ஊருக்கு வந்துதான் மாற வேண்டுமா?

வேண்டியதில்லை, ஊரைவிட அங்கே உங்கள் அனுபவத்துக்குப் பொருந்தும் ஆலைகள் இருக்கின்றன. துபாயின் முகமது பின் ரஷீத் சூரியப் பூங்காவில் 700 மெகாவாட் அளவுக்குச் சூரிய வெப்ப மின்சாரம் எடுக்கிறார்கள். அதில் 100 மெகாவாட் பகுதியில் கண்ணாடிகள் ஒளியைக் குவித்து, 260 மீட்டருக்கு மேல் உயரமான கோபுரத்தின் உச்சியில் உருகிய உப்பைச் சூடாக்கி, அந்த உப்பின் வெப்பத்தால் நீராவி எடுத்து டர்பைனைச் சுற்றுகிறார்கள். சூரியன் மறைந்த பிறகும் உப்பின் வெப்பத்தால் இரவெல்லாம் ஓடும். 3-ஆம் கேள்வி கேட்ட பாய்லர் நண்பருக்கு இதைச் சொன்னபோது, “அப்ப அங்கேயும் கண்டென்சர் உண்டா?” என்று கேட்டார். உண்டு.

12. அரசு நிறுவன வேலை. விட்டுவிட்டால் வீட்டில் கொன்றுவிடுவார்கள்.

விட வேண்டாம். உள்ளேயே நகர முடியுமா என்று முதலில் பாருங்கள். நெய்வேலி நிறுவனத்துக்குப் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தோடு ஆயிரம் மெகாவாட்டுக்கு மேல் சூரிய ஆலைகளும் இருக்கின்றன. தமிழ்நாட்டின் மின் உற்பத்தி, பகிர்மானக் கழகமான டான்ஜெட்கோ 2024-இல் பிரிக்கப்பட்டபோது பசுமை எரிசக்திக்கென்று தனிக் கழகமே உருவானது. ஆனைமலையில் உள்ள 400 மெகாவாட் காடம்பாறை நீரேற்று (நீரை மேலேற்றிச் சேமித்துத் தேவையானபோது இறக்கி மின்சாரம் எடுக்கும்) மின் நிலையமும், நீலகிரியில் கட்டப்படும் 500 மெகாவாட் குந்தா நீரேற்றுத் திட்டமும் அரசுத் துறையின் கையில்தான் உள்ளன. டர்பைன் பராமரிப்பில் இருந்தவருக்கு இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தோன்றவில்லை. இடமாற்றக் கோரிக்கை மூன்று முறை திரும்பி வரும். நான்காவது முறையும் எழுதுங்கள்.

13. சோலாரில் பேட்டரியும் ஆட்டோமேஷனும் வந்தால் அந்த வேலையும் போய்விடாதா?

ஒரு பகுதி ஏற்கெனவே போய்விட்டது. ஸ்காடா எனும் தொலைக் கண்காணிப்பு முறை வழியாக ஐந்து மாநிலங்களின் ஆலைகளை ஒரே அறையிலிருந்து பார்க்கிறார்கள்; தகடு துடைக்க ரோபோ ஓடுகிறது. கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து அளவுகளை மணிக்கொரு முறை லாக் ஷீட்டில் எழுதுவதுதான் உங்கள் வேலை என்றால் அது எந்தத் துறையிலும் மிஞ்சாது.

ஆனால் 2-ஆம் பதிலில் சொன்ன மாலை ஆறரை மணிச் சிக்கலைத் தீர்க்கும் வேலை இப்போதுதான் தொடங்குகிறது. பெரிய அனல் டர்பைன்கள் கனத்த ரோட்டாருடன் சுழல்வதால் மின்தொகுப்பில் எங்கோ கோளாறு நேரும்போது அதிர்வெண் சட்டென்று விழாமல் சில நொடி தாங்கிக்கொள்கின்றன. இன்வெர்ட்டர்களுக்கு இயல்பாக அந்தக் கனம் கிடையாது. அதைப் பேட்டரியாலும், எரிபொருள் இல்லாமல் மின்தொகுப்போடு இணைந்து சுழலும் கனத்த இயந்திரமான சின்க்ரனஸ் கண்டென்சராலும், நீரேற்று நிலையத்தாலும் ஈடு செய்ய வேண்டும். கனத்த இயந்திரம் எப்படி நடந்துகொள்ளும் என்று கையால் அறிந்தவர்கள் இல்லாமல் அந்த வேலை நடக்காது.

14. இதுவும் முழுக்கச் சுத்தம் இல்லை என்கிறார்களே. அப்படியானால் நாம் இத்தனை நாள் செய்தது பாவமா?

பாவம் என்ற சொல்லை இதில் கொண்டுவர நான் விரும்பவில்லை. 210 மெகாவாட் அலகு ஒன்று முழுச் சுமையில் ஒரு நாளைக்கு ஐம்பது லட்சம் யூனிட் தருகிறது, மூவாயிரம் டன்னுக்கு மேல் நிலக்கரி தின்கிறது, ஏறத்தாழ ஐயாயிரம் டன் கரியமில வாயுவை விடுகிறது. அந்த ஐம்பது லட்சம் யூனிட்டில்தான் ஆஸ்பத்திரியும் மோட்டார் பம்பும் ஓடின. எல்லாமே உண்மை.

சூரியத் தகட்டைச் செய்யவும் ஆற்றல் வேண்டும். ஆயுள் முழுவதும் கணக்கிட்டால் ஒரு யூனிட்டுக்குச் சில பத்து கிராம் கரியமில வாயு வருகிறது, நிலக்கரியில் அது ஒரு கிலோவை ஒட்டி. வேறு குறைகளும் உண்டு. கமுதியில் 2016-இல் தொடங்கிய 648 மெகாவாட் ஆலை ஏறத்தாழ 2,500 ஏக்கரில் பரந்திருக்கிறது. ஆடு மேய்ந்த நிலம் வேலிக்குள் போனால் மேய்ப்பவருக்கு அது இழப்புத்தான். ராஜஸ்தான், குஜராத் பக்கம் மின்கம்பிகளில் மோதிக் கானமயில்கள் சாவது உச்சநீதிமன்றம் வரை போய், 2021-இல் கம்பிகளைப் புதைக்கச் சொல்லி உத்தரவு வந்தது. 2024-இல் அது தளர்த்தப்பட்டது. சைட் பொறியாளராகப் போகும்போது இவற்றைப் பற்றிக் கேட்கும் ஊர்க்காரரிடம் “இது பசுமை ஆற்றல்” என்று மட்டும் சொல்லி நகர்ந்துவிடாதீர்கள். சாம்பல் ஏரிக்குப் பக்கத்து ஊரில் நாம் அப்படித்தான் “வளர்ச்சி” என்று சொல்லிவிட்டு நகர்ந்தோம்.

15. பிடிக்கவில்லை என்றால் திரும்பி வரலாமா?

வரலாம். என்னோடு மாறிய நால்வரில் ஒருவர் பதினெட்டு மாதத்தில் திரும்பினார். ஜெய்சல்மேர் பக்கத்து சைட்டில் தனியாக இருந்ததுதான் அவருக்கு ஒத்துவரவில்லையே தவிர வேலை அல்ல. பெரிய ஆலைகள் பாலைவனத்திலும் கட்ச் உப்புவெளியிலும் இருக்கின்றன, அங்கே காலனி கிடையாது, குடும்பம் ஊரில் இருக்கும். போகுமுன் இதை வீட்டில் பேசியிருக்க வேண்டும் என்று அவரே சொன்னார். அவருடைய பி.ஓ.இ. சான்றிதழ் அப்படியே இருந்தது, பழைய மேலதிகாரியோடு சண்டை போடாமல் விலகியிருந்தார், ஆகவே வேறொரு ஸ்டேஷனில் இடம் கிடைத்தது.

இப்போது அந்த ஸ்டேஷனில் பகல்நேரப் பேக் டவுனுக்கான சுமைத் திட்டத்தை அவர்தான் போடுகிறார். மேகம் சூழும் நாளில் சூரிய உற்பத்தி எத்தனை நிமிடத்தில் விழும் என்பது அங்கே அவருக்கு மட்டும்தான் தெரிகிறது. போன வாரம்கூட அழைத்து, ராமநாதபுரம் பக்கம் மேகம் எப்படி என்று கேட்டார்.